இரண்டு ஜான், மூன்று லாரன்ஸ்

1791 டிசம்பரில் லண்டனிலிருந்து அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு ஒரு கடிதம் புறப்பட்டது. எழுதியவர் சர் ஐசக் ஹெர்ட். இங்கிலாந்தின் குலச்சின்னங்களையும் வம்சாவளிகளையும் பதிந்து காக்கும் அலுவலகத்தில் முதல் இடத்தில் இருந்தவர். ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோரைத் தேடி வருவதாகவும், குடும்ப விவரம் அனுப்பி உதவ வேண்டும் என்றும் கேட்டிருந்தார். 1792 மே 2 அன்று வாஷிங்டன் பதில் எழுதினார். இந்த விஷயத்தில் தான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்று ஒப்புக்கொண்டார். முன்னோர் இங்கிலாந்தின் வட மாவட்டம் ஒன்றிலிருந்து 1657 வாக்கில் வர்ஜீனியாவுக்கு வந்தார்கள் என்றும், அது லங்காஷயரா, யார்க்ஷயரா, இன்னும் வடக்கேயா என்பது சரியாக நினைவில்லை என்றும் சொன்னார். கப்பலேறி வந்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. நடுவில் 135 ஆண்டுகள்தான். அதற்குள் ஊர் மறந்துவிட்டது. நினைவிருந்த திசையும் தவறு.

ஹெர்டின் கையில் இருந்த துப்பு சிறியது. வர்ஜீனியாவுக்கு வந்தவர்கள் அண்ணன் தம்பி இருவர்; பெயர்கள் ஜான், லாரன்ஸ். 1618-ல் நார்தாம்ப்டன்ஷயருக்கு நேரில் போய்க் குலச்சின்ன அதிகாரிகள் எடுத்த வம்சாவளிக் கணக்கில் சல்கிரேவ் என்ற ஊரின் வாஷிங்டன் குடும்பம் இருந்தது. 1616-ல் இறந்த லாரன்ஸ் வாஷிங்டனுக்குப் பல பிள்ளைகள். அவர்களில் ஒருவர் ஜான், ஒருவர் லாரன்ஸ். குடும்பப் பெயர் பொருந்துகிறது, அண்ணன் தம்பி உறவு பொருந்துகிறது, இரண்டு பெயர்களும் பொருந்துகின்றன, காலமும் தொட்டும் தொடாமலும் ஒத்துப்போகிறது. வேறென்ன வேண்டும்? ஜேரட் ஸ்பார்க்ஸ், வாஷிங்டன் இர்விங் ஆகியோர் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் வழியாக இந்த வம்சாவளி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் அசைக்கவில்லை.

அசைத்தவர் ஜோசப் லெமுவல் செஸ்டர். லண்டனில் குடியேறிய அமெரிக்கர். ஊர் ஊராகத் தேவாலயப் பதிவேடுகளைப் படியெடுப்பதையே வாழ்க்கையாக்கிக் கொண்டவர். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் பதிவேடுகளைப் பின்னாளில் பதிப்பித்ததும் அவர்தான். 1866-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஹெர்டின் வம்சாவளியை இரண்டு சாதாரணக் கேள்விகளால் கவிழ்த்தது. அந்த ஜான் என்ன ஆனார்? அந்த லாரன்ஸ் என்ன ஆனார்?

சல்கிரேவ் குடும்பத்து ஜான், மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் பட்டம் பெற்ற சர் ஜான் வாஷிங்டன். அந்தக் காலத்தில் 'சர்' என்பது வேண்டும்போது போட்டு வேண்டாதபோது கழற்றி வைக்கும் அங்கவஸ்திரம் இல்லை. சட்ட ஆவணத்தில் ஒருவனை அடையாளம் காட்டும் உறுப்பு அது. வர்ஜீனியப் பத்திரங்களில் ஜான் வாஷிங்டன் 'கர்னல்' என்று வருகிறார். 'சர்' என்று ஓரிடத்திலும் வரவில்லை. சர் ஜானின் முதல் மனைவி மேரி 1625-ன் தொடக்கத்திலேயே இறந்தவர். வர்ஜீனிய ஜானோ 1650-களின் கடைசியில்தான் அங்கே ஆன் போப் என்ற பெண்ணை மணந்து குடும்பம் நடத்தத் தொடங்குகிறார். சர் ஜான் 1668-ல் இங்கிலாந்தில் இறந்தார். வர்ஜீனிய ஜான் இறந்தது 1677-ல். அடுத்து லாரன்ஸ். சல்கிரேவ் லாரன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் பிரேஸ்நோஸ் கல்லூரியில் இருந்தவர். பிறகு எசெக்ஸில் பர்லி என்ற ஊருக்குப் பாதிரியாராகப் போனவர். வர்ஜீனியாவுக்கு வந்த லாரன்ஸ் வியாபாரி. பாதிரியார் ஒருவர் கடல் கடந்ததும் பாதிரிப் பட்டத்தை எல்லா ஆவணங்களிலும் மறைத்துவிட்டு வியாபாரியாகப் பெயர் போட்டுக்கொண்டார் என்று நம்பத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஆக, அந்த இருவரும் இந்த இருவர் இல்லை. சரி, இந்த இருவர் யார்? அதற்குச் செஸ்டரிடம் பதில் இல்லை. 1882-ல் இறக்கும்வரை தேடினார், கிடைக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான். இருந்த பதிலைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டுப் போக வம்சாவளி ஆய்வாளர்களில் வெகு சிலருக்கே மனம் வரும்.

வெறும் இடத்தைக் கண்டால் சிலருக்குக் கை அரிக்கும். 1879-ல் நியூயார்க்கில் ஆல்பர்ட் வெல்ஸ் என்பவர் ஒரு புத்தகம் போட்டார். வாஷிங்டன் குடும்பம் ஸ்காண்டிநேவியாவை நிறுவிய ஓடினிலிருந்து, கி.மு. 70 முதல், 55 தலைமுறைகளாக இடைவெளியே இல்லாமல் இறங்கி வந்திருக்கிறது என்பது அதன் செய்தி. ஓடின் வட ஐரோப்பியரின் பழைய தெய்வம். குடியேறிய ஜானின் அப்பா யார் என்று உறுதியாகத் தெரியாத குடும்பத்துக்கு 55 தலைமுறைக்கு முந்தைய மூதாதை கிடைத்துவிட்டார்.

இந்தச் சிக்கல் ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆங்கிலேயக் குடியேறிகளிடம் புழங்கிய பெயர்கள் மிகக் குறைவு. ஆண்கள் என்றால் ஜான், வில்லியம், தாமஸ், சாமுவேல், ஜோசப். பெண்கள் என்றால் மேரி, எலிசபெத், சாரா, ஆன். தாத்தா பெயரை வைப்பது, அப்பா பெயரை வைப்பது, பெரியப்பா பெயரை வைப்பது என்று அதே பெயர்கள் சுற்றிச் சுற்றி வந்தன. பெயரன்தான் பேரன் என்று அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் ஒரு தாத்தாவுக்கு நான்கு மகன்கள், நால்வரும் தங்கள் பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தால், ஒரே ஊரில் ஏறக்குறைய ஒரே வயதில் நான்கு பங்காளிகள் ஒரே பெயரோடு நிற்பார்கள். குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. முதல் பிள்ளையின் பிறந்த தேதியை எடுத்து, வளர்ந்து ஆளான இரண்டாம் பிள்ளைக்கு ஒட்டவைத்த வம்சாவளிகளுக்குக் கணக்கில்லை.

வாஷிங்டன் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். சல்கிரேவ் நிலத்தை 1539-ல் வாங்கியவர் லாரன்ஸ். அவருடைய பேரன், 1616-ல் இறந்தவர், லாரன்ஸ். அவர் மகன், பர்லி பாதிரியார், லாரன்ஸ். வர்ஜீனியாவுக்கு வந்த தம்பி, லாரன்ஸ். அண்ணன் ஜானின் மூத்த மகன், அதாவது ஜார்ஜின் தாத்தா, லாரன்ஸ். ஜார்ஜின் மாற்றாந்தாய் மகனான அண்ணன், மவுண்ட் வெர்னன் வீட்டுக்கு அந்தப் பெயரை வைத்தவர், அவரும் லாரன்ஸ். ஜான்களும் இதற்குச் சளைத்தவர்கள் அல்லர். குடியேறிய ஜானுக்கு ஜான் என்று ஒரு மகன். குடியேறிய லாரன்ஸுக்கும் ஜான் என்று ஒரு மகன். போதாததற்கு, அதே காலத்தில் வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில் வேறொரு ஜான் வாஷிங்டன் வாழ்ந்திருக்கிறார்.

மனைவி பெயரை வைத்துப் பிரித்துவிடலாமே என்றால் அங்கேயும் பள்ளம். குடியேறிய ஜானின் முதல் மனைவி ஆன் போப். அவர் இறந்த பின் மணந்தவர் ஆன் ஜெரார்ட், ஏற்கெனவே விதவையானவர். 1660-ல் ஒரு பத்திரத்தில் 'மனைவி ஆன்', பத்தாண்டு கழித்து இன்னொன்றிலும் 'மனைவி ஆன்' என்று பார்க்கிறவர் ஒரே பெண் என்றுதான் முடிவுகட்டுவார். பின்பு மூன்றாவதாக மணந்தது அந்த இரண்டாம் ஆனின் சொந்தச் சகோதரியை. அவர் பெயர் ஃபிரான்செஸ் என்பது ஆய்வாளர்களின் அதிர்ஷ்டம்.

'சீனியர்', 'ஜூனியர்' என்ற ஒட்டுகள் உதவும் என்று நினைப்போம். இன்று அவை அப்பாவையும் மகனையும் குறிக்கின்றன. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அவை ஓர் ஊரில் ஒரே பெயருள்ள மூத்தவரையும் இளையவரையும் மட்டுமே குறித்தன. சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம். ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். மூன்றாவதாக நின்றவர் ஜூனியராவார். ஒட்டு ஆளுக்குச் சொந்தமில்லை, வரிசைக்குச் சொந்தம். 1690-ன் ஜூனியரும் 1710-ன் சீனியரும் ஒரே ஆளாக இருப்பது சர்வசாதாரணம். ஊர்க்காரர்கள் இதைவிடத் தெளிவாகத்தான் பேசிக்கொண்டார்கள். ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் ஊர் ஏடுகளில் ஒரு ஜான் ஸ்மித் மாவுமில்காரர், ஒருவர் கொத்தனார், ஒருவர் 'ஜமைக்கா' ஜான் ஸ்மித். நம் ஊரில் ஒரே தெருவில் இரண்டு முருகேசன் இருந்தால் என்ன செய்வோமோ அதையேதான் அவர்களும் செய்தார்கள்.

தேதிகளில் இன்னொரு கண்ணி. 1752 வரை ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஆகவே 1700 ஜனவரி என்று ஏட்டில் எழுதியிருந்தால், அது 1700 நவம்பருக்குப் பிந்தைய மாதம். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த அன்று நாட்காட்டி காட்டியது 1731 பிப்ரவரி 11. நாம் கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஏடுகளில் மாதங்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். 'முதல் மாதம்' என்றால் மார்ச். இதை அறியாமல் படிப்பவர், இயல்பாகப் பிறந்த பிள்ளையைக் கல்யாணத்துக்கு முன் பிறந்ததாக்கிவிடுவார். அல்லது முடிச்சு அவிழவில்லையே என்று, இல்லாத இரண்டாவது ஜானை உருவாக்கிவிடுவார். ஒரே ஆளை இரண்டாக வெட்டுவதும், இரண்டு ஆட்களை ஒன்றாக ஒட்டுவதும் ஒரே அளவு எளிது.

1889-க்கு வருவோம். மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸ், பாஸ்டனில் 1845-ல் தொடங்கப்பட்ட நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகத்தின் சார்பில் லண்டனில் உயில்களைப் படித்துக்கொண்டிருந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டின் பெற்றோரைக் கண்டுபிடித்தவர் அவரே. வாட்டர்ஸின் பார்வை வாஷிங்டன்களின் மேல் மட்டும் நிற்கவில்லை. அவர்களைச் சுற்றி இருந்தவர்களின் மேலும் போயிற்று.

கையில் வந்தவற்றில் ஒன்று, 1677-ல் லண்டனில் வழங்கப்பட்ட ஒரு சொத்து நிர்வாக உரிமைப் பதிவு. லூட்டன் ஊரைச் சேர்ந்தவராக இருந்து வர்ஜீனியாவில் இறந்த லாரன்ஸ் வாஷிங்டனுடையது அந்தச் சொத்து. அப்படியானால் குடியேறிய தம்பியின் ஊர்த் தடம் லூட்டனில் இருக்கிறது. லூட்டனிலிருந்து சில மைல் தள்ளி ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் டிரிங் என்ற ஊர். டிரிங் தேவாலயப் பதிவேட்டில் 1635-ல் ஞானஸ்நானம் பெற்ற லாரன்ஸ் வாஷிங்டன் என்ற குழந்தை இருக்கிறது. அதே ஊரில் ஆண்ட்ரூ நோலிங் என்பவர் எழுதிவைத்த உயில் ஒன்று. வாஷிங்டன் இல்லாத அந்த மனிதரின் உயிலில் வாஷிங்டன்கள் நிரம்பி வழிகிறார்கள். ஞானப்பிள்ளை இளைய லாரன்ஸ் வாஷிங்டன்; 'மருமகள்' ஆம்ஃபிலிஸ் வாஷிங்டன்; பிறகு ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா.

'மருமகள்' என்று நான் எழுதிய இடத்தில் மூலத்தில் உள்ள சொல்லை இன்றைய ஆங்கிலேயர் யாரும் மகனின் மனைவி என்றே படிப்பார். அப்படிப் படித்தால் எல்லாம் கெட்டது; நோலிங்குக்கு வாஷிங்டன் என்ற மகன் இருக்க வழியில்லை. 17-ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல், மனைவியின் முந்தைய திருமணத்து மகளையும் குறித்தது. ஆம்ஃபிலிஸ் நோலிங்கின் வளர்ப்பு மகள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் மாமியாரும் மாற்றாந்தாயும் ஒரே சொல்லில் அடங்குவார்கள்; அண்ணன் மகனையும் அத்தை மகனையும் ஒரே சொல் சுட்டும். சித்தப்பா, பெரியப்பா, மாமா, சகலை, சம்பந்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் மொழியிலிருந்து வருகிறவருக்கு இந்த உயில்களைப் படிக்கையில் கொஞ்சம் எரிச்சல் வருவது இயல்பு.

உயிலில் 'இளைய லாரன்ஸ்' என்றால் மூத்த லாரன்ஸ் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர்தான் ஆம்ஃபிலிஸின் கணவர், பர்லி பாதிரியார். மன்னருக்கு ஆதரவானவர் என்று 1643-ல் மன்னரை எதிர்த்த பியூரிட்டன் தரப்பால் பதவி நீக்கப்பட்டு, வறுமையில் இறந்தவர். ஆம்ஃபிலிஸ் இறந்தபின் அவருடைய சொத்தை நிர்வகிக்கும் உரிமை 1656 பிப்ரவரியில் மகன் ஜானுக்குக் கிடைக்கிறது. அன்றைய ஏட்டில் அந்த மாதம் 1655. சில மாதங்களில் ஜான் வர்ஜீனியாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் கப்பலில் இருக்கிறார்.

கடைசி முடிச்சு வர்ஜீனியாவிலேயே கிடந்தது. குடியேறிய ஜானின் உயிலில் தங்கை மார்த்தா வாஷிங்டனுக்கு ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தில் உள்ள பணத்திலிருந்து பத்து பவுன், நாலாயிரம் பவுண்டு எடைப் புகையிலை, கப்பல் செலவுக்காக அவள் தர வேண்டிய பாக்கியும் தள்ளுபடி. ஜானும் லாரன்ஸும் எங்கும் கிடைப்பார்கள். ஜான், லாரன்ஸ், மார்த்தா மூவரும் ஒரே வீட்டில், சரியான வயதில், அந்த வீட்டிலிருந்து ஒருவர் லூட்டன் வழியாக வர்ஜீனியாவுக்குப் போனதாகவும் பதிவு இருக்க வேண்டும் என்றால், அந்தக் கோவை இன்னொரு குடும்பத்தில் அமைவது அரிது.

ஆக ஹெர்ட் பிடித்தது தவறான குடும்பமில்லை, தவறான தலைமுறை. குடியேறிய ஜானுக்குப் பதிலாக அவருடைய பெரியப்பா சர் ஜானைப் பிடித்தார். குடியேறிய லாரன்ஸுக்குப் பதிலாக அவருடைய அப்பாவைப் பிடித்தார். அடுத்தடுத்த இரண்டு தலைமுறைகளில் ஜான், லாரன்ஸ் என்று ஒரே ஜோடி. செஸ்டர் சல்கிரேவ் பாதிரியாரைக் கப்பலில் ஏற்ற மறுத்தது சரி. அந்தப் பாதிரியாரின் பிள்ளைகள்வரை போய்ச் சேராததுதான் அவர் துரதிர்ஷ்டம். 1914-ல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நூறாண்டு அமைதி நிலவியதன் நினைவாகச் சல்கிரேவ் வீடு பொதுமக்கள் பணத்தில் வாங்கப்பட்டது. இப்போது அங்கே போகிறவர்கள் நிம்மதியாகப் போகலாம்.

அமெரிக்க மண்ணுக்குள் தேடும்போது கருவிகள் மாறுகின்றன, வழி மாறுவதில்லை. 1790-ல் முதல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது வீட்டுத் தலைவரின் பெயரை மட்டும் எழுதினார்கள். மற்றவர்கள் பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கை. சுதந்திரமான ஒவ்வொருவருடைய பெயரும் ஏடு ஏறியது 1850-ல்தான். அதற்கு முன் இரண்டு ஜான்களைப் பிரிக்க நிலம்தான் நல்ல சாட்சி. ஒருவர் விற்ற நிலத்தை அவர் எப்போதாவது வாங்கியதாகப் பதிவில்லை என்றால், அது பெரும்பாலும் அவருக்கு வாரிசு வழியில் வந்ததாக இருக்கும். வர்ஜீனியாவில் 1780-களின் நடுவில் சட்டம் மாறும்வரை உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே போனது. ஆகவே அது அவருடைய அப்பா யார் என்பதையும் சொல்லிவிடுகிறது. விற்கும்போது மனைவி தன் விதவைப் பங்குரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். அவளைத் தனியே அழைத்துக் கேட்டு நீதிமன்றம் பெயரைப் பதியும். எழுதத் தெரியாதவர் இடும் குறிகூட ஆளுக்கு ஆள் வேறு. வர்ஜீனியாவில் நான்காண்டுக்கு ஒருமுறை அக்கம்பக்கத்தார் கூடி நில எல்லைகளை நடந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று சட்டம் இருந்தது; அந்தப் பட்டியல்கள் யார் யாருக்குப் பக்கத்து நிலத்துக்காரர் என்று காட்டுகின்றன. எலிசபெத் ஷோன் மில்ஸ் என்ற ஆய்வாளர் இந்த முறைக்கு ஒரு சுருக்கப் பெயர் வைத்துப் பரப்பியிருக்கிறார்: நண்பர், கூட்டாளி, அண்டை வீட்டார். வாட்டர்ஸ் நோலிங்கின் உயிலைப் புரட்டியபோது செய்தது வேறென்ன?

மரபணு வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. தந்தை வழியில் இறங்கும் ஒய் குரோமோசோம், உறவே இல்லாத இரண்டு ஸ்மித்களை நன்றாகப் பிரிக்கும். ஒரே தாத்தாவின் பேரன்களான இரண்டு ஜான்களிடம் அது ஏறக்குறைய ஒன்றேயாக இருக்கும்; எவர் எவர் என்று சொல்லாது. சிக்கலே பெரும்பாலும் பங்காளிகளுக்கு நடுவில்தான்.

குடும்பப் பெயரும் இல்லாமல் ஏட்டில் ஏறியவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரியானது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி ஏடு. அதில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும். அவர்களுடைய பெயர்கள் நாடு முழுவதும் பதிவானது 1870-ல். அதற்கு முந்தைய பெயர்கள் பண்ணைக் கணக்குகளில் கிடக்கின்றன, ஒற்றைச் சொல்லாக, திரும்பத் திரும்ப.

1799-ல் உயில் எழுதிய ஆண்டில் ஜார்ஜ் வாஷிங்டன் தன் மவுண்ட் வெர்னன் பண்ணைகளில் இருந்த 317 அடிமைகளின் பட்டியலைத் தன் கைப்படத் தயாரித்தார். பண்ணை வாரியாகப் பிரித்து, தொழில், வயது, கணவன் அல்லது மனைவி பெயர், அந்தத் துணை எந்தப் பண்ணையில் இருக்கிறார் என்பதுவரை எழுதினார். தன் முன்னோரின் ஊர் நினைவில்லாத மனிதர் இதில் இவ்வளவு நுணுக்கம் காட்டியதற்குக் காரணம் உண்டு. பட்டியலில் இரண்டு பத்திகள். ஒன்று அவருக்குச் சொந்தமானவர்கள். இன்னொன்று அவர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் கஸ்டிஸ் குடும்பத்துச் சொத்தாக வந்தவர்கள். உயில் விடுதலை தந்தது முதல் பத்திக்கு மட்டும். இரண்டாம் பத்தியை விடுவிக்கச் சட்டப்படி அவருக்கு உரிமையில்லை. ஆகவே ஒரே பெயர் இரு முறை வந்தால், எந்தப் பண்ணை, எந்தத் தொழில், யாருடைய துணை என்பதைக் கொண்டே ஆளைப் பிரிக்க வேண்டியிருந்தது.

லூசி என்ற பெயர் அந்தப் பட்டியலில் ஒன்றுக்கு மேல் வருகிறது. பெரிய வீட்டின் சமையல்காரி லூசி, பரிசாரகர் ஃபிராங்க் லீயின் மனைவி. ஃபிராங்க் முதல் பத்தி; லூசி இரண்டாம் பத்தி. 1801 ஜனவரி 1 அன்று ஃபிராங்க் சுதந்திரமானார். லூசியும் பிள்ளைகளும் கஸ்டிஸ் வாரிசுகளுக்குப் போனார்கள். இன்று அந்த வழியில் தங்கள் முன்னோரைத் தேடுபவர்கள், லூசி என்ற பெயருக்கு எதிரே வாஷிங்டன் எழுதிவைத்த கணவன் பெயரில் விரலை வைத்துத்தான் அடுத்த ஏட்டுக்குப் போகிறார்கள்.